பழைய போன் யார் கையில் இருக்கிறது?

(நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், மொபைல் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பேச்சைத் தொடங்கும் முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. எல்லோரும் அவரவர் போனைக் கையில் எடுங்கள். செட்டிங்ஸைத் திறங்கள். போனைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு அது ‘அமைப்புகள்’ என்று இருக்கும். கடைசி வரை கீழே போனால் ‘அபௌட் போன்’ என்று ஒன்று வரும். அதற்குள் ‘ஆண்ட்ராய்டு வெர்ஷன்’ இருக்கும். சில கம்பெனி போன்களில் ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’ என்பதற்குள் இருக்கும். அங்கே ‘செக்யூரிட்டி அப்டேட்’ அல்லது ‘செக்யூரிட்டி பேட்ச்’ என்று போட்டு ஒரு தேதி எழுதியிருக்கும். அந்தத் தேதியை மட்டும் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய பேச்சு முழுவதும் அந்த ஒரு தேதியைப் பற்றித்தான்.

சிலருக்குப் போன மாதத் தேதி வந்திருக்கும். சிலருக்கு ஆறு மாதம் முந்தைய தேதி. இன்னும் சிலருக்கு 2021, 2020 என்றுகூட வந்திருக்கும். போன் நன்றாகத்தானே ஓடுகிறது, படம் தெரிகிறது, பேச்சு கேட்கிறது, அப்புறம் என்ன என்று நினைப்பீர்கள். உங்கள் போன் கடைசியாகப் பாதுகாப்புப் பழுது பார்க்கப்பட்ட நாள் அது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட எந்த ஓட்டையும் உங்கள் போனில் அடைக்கப்படவில்லை என்று பொருள்.

ஒரு போனுக்கு இரண்டு ஆயுள் உண்டு. ஒன்று உடம்பின் ஆயுள். டிஸ்பிளே, பேட்டரி, சார்ஜ் போடும் இடம் எல்லாம் இதில் சேரும். இது போனால் எங்களைப் போன்ற கடைக்காரர்கள் மாற்றித் தருவோம். இரண்டாவது சாஃப்ட்வேரின் ஆயுள். இது முடிந்தால் எந்தக் கடைக்காரரும் நீட்டித் தர முடியாது. கம்பெனி கொடுத்தால்தான் உண்டு. உடம்பு நல்லபடியாக இருக்கும்போதே சாஃப்ட்வேர் ஆயுள் முடிந்துபோன போன்கள்தான் நம் வீடுகளில் நிறைய.

அப்டேட் என்றால் என்ன?

அப்டேட் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் அது மூன்று வகை. முதலாவது, ஆண்ட்ராய்டு 13 என்பது 14 ஆவது போன்ற பெரிய மாற்றம். இரண்டாவது, பாதுகாப்பு அப்டேட். பார்ப்பதற்கு எதுவும் மாறியதுபோல் தெரியாது. ஆனால் உள்ளே ஓட்டைகள் அடைபடும். மூன்றாவது, பிளே ஸ்டோரில் வாட்ஸ்அப், யூடியூப் போன்ற ஆப்களுக்கு வருவது.

மூன்றாவது வந்துகொண்டிருப்பதைப் பார்த்து, ‘என் போனில் தினமும் அப்டேட் ஆகிறதே’ என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். வீட்டுக்குள் சோபாவும் திரைச்சீலையும் மாற்றுவது போன்றது அது. வாசல் கதவின் பூட்டைச் சரிசெய்வது இரண்டாவது வகைதான்.

மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கும் வழக்கம் எப்போது வந்தது தெரியுமா? 2015 ஜூலையில் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. ஆண்ட்ராய்டு போன் வீடியோவைப் படித்துக் காட்டும் பகுதியில் இருந்த கோளாறு அது. தப்பான முறையில் தயாரித்த ஒரு வீடியோவை எம்.எம்.எஸ். மெசேஜாக அனுப்பினாலே போதும். சில போன்களில் போன் வைத்திருப்பவர் அதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இந்தச் செய்தி உலகத்தையே உலுக்கிய பிறகு, அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கையும் அப்டேட்டும் கொடுக்கத் தொடங்கியது.

ஏன் நிறுத்திவிடுகிறார்கள்?

நல்லா ஓடுகிற போனுக்கு அப்டேட்டை ஏன் நிறுத்த வேண்டும் என்று கடைக்கு வருபவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு ஆண்ட்ராய்டு போனுக்குப் பின்னால் மூன்று கைகள் இருக்கின்றன. கூகுள் ஆண்ட்ராய்டை எழுதுகிறது. குவால்காம், மீடியாடெக் போன்ற கம்பெனிகள் போனுக்குள் இருக்கும் சிப்பைச் செய்கின்றன. அந்தச் சிப் ஆண்ட்ராய்டோடு பேசுவதற்கு வேண்டிய புரோகிராமை அவர்கள்தான் தர வேண்டும். மூன்றாவதாக, போன் கம்பெனி தன் ஒவ்வொரு மாடலுக்கும் அதைப் பொருத்தி, சோதித்து அனுப்ப வேண்டும். இந்த மூன்றில் ஒரு கை விலகினாலும் மற்ற இரண்டுக்கும் சிரமம்தான். புதிய மாடல் விற்றால் லாபம், பழைய மாடலைப் பராமரித்தால் செலவு என்பது கம்பெனிகளின் கணக்கு. அதனால் மலிவான போன்களில் இரண்டு, மூன்று ஆண்டுகளில் கையை உதறிவிட்டார்கள்.

முடியாது என்பதால் நிறுத்தவில்லை என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. நெதர்லாந்தில் ஃபேர்போன் என்று ஒரு சிறிய கம்பெனி இருக்கிறது. 2015 கடைசியில் அது வெளியிட்ட ஃபேர்போன் 2 என்ற மாடலில் இருந்த சிப்புக்கு, அதைச் செய்த கம்பெனி சீக்கிரமே ஆதரவை நிறுத்திக்கொண்டது. இருந்தும் ஃபேர்போன்காரர்கள் விடாமல் வேலை செய்து, 2023 மார்ச் வரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் அதற்கு அப்டேட் கொடுத்தார்கள். ஆப்பிள் 2013-ல் வெளியிட்ட ஐபோன் 5எஸ் போனுக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. மனமும் செலவும் இருந்தால் நடக்கும்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறுகிறது. 2023-ல் கூகுள் தன் பிக்சல் 8 போனுக்கும், 2024-ல் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. நடுத்தர விலையில் உள்ள கேலக்ஸி ஏ16 5ஜி மாடலுக்கே ஆறு ஆண்டு என்று சாம்சங் சொல்லியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி அமலுக்கு வந்திருக்கிறது. அங்கே ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட் கிடைக்க வேண்டும். அந்த விதி அங்கே விற்கும் போன்களுக்கு. இங்கே நாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

அப்டேட் நின்ற மறுநாள் எதுவும் ஆகாது. அதுதான் இதில் உள்ள ஆபத்து. பல் வலித்தால் வைத்தியரிடம் ஓடுகிறோம். சர்க்கரை ஏறினால் வலிக்காது, அதனால் கவனிக்கத் தவறுகிறோம். இதுவும் அப்படித்தான்.

ஒவ்வொரு மாதமும் எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்ற பட்டியல் வெளிப்படையாக வெளியாகிறது. நல்லவர்களும் படிக்கிறார்கள், திருடர்களும் படிக்கிறார்கள். அப்டேட் வந்த போனில் அந்த வழி மூடியாகிவிட்டது. வராத போனில் அது திறந்தே கிடக்கிறது. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்ற விவரமும் இப்போது ஊருக்கே தெரியும்.

கம்ப்யூட்டரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று அப்டேட் கொடுத்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாகப் புகுந்து உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின, ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மருந்து இருந்தது, போட்டுக்கொள்ளாதவர்களே மாட்டினார்கள். பழைய போன் வைத்திருப்பவரின் நிலை அதைவிட மோசம். அவருக்கு மருந்தே வருவதில்லை.

இன்னொரு பக்கம், நமக்கு அன்றாடம் தேவையான ஆப்கள் ஒவ்வொன்றாக விலகும். 2013-ல் வந்த கிட்கேட் எனப்படும் ஆண்ட்ராய்டு 4.4-ல் வாட்ஸ்அப் 2025 ஜனவரியோடு நின்றது. நான் இப்போது சொன்ன ஐபோன் 5எஸ்-இலும், ஐபோன் 6-இலும் 2025 மே மாதத்தோடு நின்றது. ஆப்பிளே பத்தாண்டு பார்த்துக்கொண்ட போனுக்கும் இதுதான் கதி.

சில வெப்சைட்டுகளைத் திறந்தால் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வருவதற்கும் இதுவே ஒரு காரணம். எந்தச் சான்றிதழை நம்பலாம் என்ற பட்டியல் போனுக்குள்ளேயே இருக்கிறது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கும் சான்றிதழைக் கோடிக்கணக்கான வெப்சைட்டுகள் பயன்படுத்துகின்றன. அதன் இப்போதைய மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1-க்கு முந்தைய போன்களின் பட்டியலில் இல்லை. அவற்றுக்காகச் செய்திருந்த மாற்று ஏற்பாடும் 2024-ல் முடிந்துவிட்டது. கோளாறு நெட்டில் இருப்பதாக நினைத்து சிம்மை மாற்றிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சிம் என்ன செய்யும் பாவம்!

உம்ரா போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மதீனாவில் ரவ்ளா ஷரீஃபில் தொழுவதற்கான அனுமதியை இப்போது நுசுக் ஆப்பில்தான் எடுக்கிறோம். ஹஜ் பயணிகளுக்கு நம் அரசு 2024-ல் ஹஜ் சுவிதா ஆப்பைக் கொண்டு வந்திருக்கிறது. அந்த ஆப் இந்தப் போனில் ஏறாது என்ற செய்தியை ஏர்போர்ட்டில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. பெட்டி கட்டத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே போனில் ஏற்றிப் பாருங்கள்.

பழைய போன் எங்கே போகிறது?

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் புதிய போன் வந்தால் பழையதை யாரும் தூக்கி எறிவதில்லை. துபாயிலிருந்து மகன் வருகிறான், புது போன் கொண்டு வருகிறான். அவன் வைத்திருந்தது தம்பிக்குப் போகிறது. தம்பியுடையது தங்கைக்கு. தங்கையுடையது உம்மாவுக்கு. வீணாக்காமல் பயன்படுத்துவது நல்ல பழக்கம்தான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர் யார் என்று பாருங்கள். வீட்டிலேயே பழைய போன், வீட்டிலேயே வயதானவர் கையில். பாதுகாப்பு முடிந்த போன், ஏமாற்றை அடையாளம் காண எல்லோரையும்விடச் சிரமப்படுபவரிடம் போய்ச் சேருகிறது.

அந்த உம்மாவின் பெயரில் என்ன இருக்கிறது? மகன் மாதாமாதம் அனுப்பும் பணம் அவர் கணக்குக்குத்தான் வருகிறது. மகளிர் உரிமைத் தொகை அதே கணக்குக்கு வருகிறது. கணவரை இழந்தவர் என்றால் உதவித்தொகையும் அங்கேதான். ஓ.டி.பி. வரும் சிம்மும் அதே போனில். பேத்தி கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தின் சாவி, பூட்டில்லாத வீட்டில் தொங்குகிறது.

நாம் தானமாகக் கொடுப்பதும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகும் ஏழைப் பிள்ளைக்கு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு, ‘எனக்கு இனி வேண்டாம்’ என்று போனை ஹதியாவாகக் கொடுக்கிறோம். கெட்டுப்போன சாப்பாட்டைத் தெரிந்தே யாருக்கும் கொடுக்க மாட்டோம். பாதுகாப்பு முடிந்த போனை அப்படியே கொடுத்தால், அதையும் சொல்லிக் கொடுப்பதுதான் அமானிதம். ‘இதில் பாடம் பார்க்கலாம், பேசலாம். பேங்க் ஆப், ஜிபே மட்டும் போடாதே’ என்ற ஒரு வார்த்தை போதும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் நடக்கும் பல மோசடிகள் போனின் ஓட்டை வழியாக நடப்பவையல்ல. மனிதரின் நம்பிக்கை வழியாக நடப்பவை. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்பான், ஓ.டி.பி. கேட்பான். ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டால் இன்று வாங்கிய போனும் காப்பாற்றாது.

ஆனாலும் போனின் வயதுக்கு இதில் பங்கு உண்டு. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராத ரசீது, அரசாங்க உதவி என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று மூன்று எழுத்து இருக்கும். அது பத்திரிகை அல்ல, ஓர் ஆப். அதைத் தொட்டு உள்ளே ஏற்றிவிட்டால், உங்களுக்கு வரும் மெசேஜ்களைப் படிக்கும். ‘அக்சஸிபிலிட்டி’ என்ற அனுமதியையும் வாங்கிவிட்டால், திரையில் நீங்கள் பார்ப்பதை அதுவும் பார்க்கும், நீங்கள் தொடாமலே தொடும். கண் பார்வை குறைந்தவர்களுக்கு உதவுவதற்காக வைத்த வசதி அது. ஆண்ட்ராய்டு 13 முதல், இப்படி வெளியிலிருந்து வந்த ஆப்களுக்கு அந்த அனுமதியை எளிதில் கொடுக்க முடியாதபடி ஒரு தடை வைத்திருக்கிறார்கள். பழைய போனில் அந்தத் தடை இல்லை. ஒரு முறை கை தவறினால், புதிய போன் இன்னொரு முறை கேட்கும். பழையது கேட்காமலே வழிவிடும்.

என்ன செய்யலாம்?

எல்லோரும் புது போன் வாங்குங்கள் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. பத்தாயிரம் ரூபாய் எல்லோருக்கும் எளிதல்ல. போனை மாற்ற முடியாவிட்டால், அதன் வேலையை மாற்றுங்கள்.

முதலில் தேதியை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி சில மாதங்களுக்குள் தேதி இருந்தால் கவலையில்லை. மலிவான மாடல்களுக்கு மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அப்டேட் வரும். அதனால் கொஞ்சம் பழைய தேதியைப் பார்த்துப் பதற வேண்டாம். அப்டேட் வந்து காத்திருக்கிறதா என்று ‘சாஃப்ட்வேர் அப்டேட்’ பகுதியில் பாருங்கள். டேட்டா தீர்ந்துவிடும், இடம் இல்லை என்று தள்ளிப்போட்டே பலர் வந்த அப்டேட்டையும் ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள். வைஃபை இருக்கும் வீட்டில் போட்டுவிடுங்கள். தேதி ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அந்தப் போனின் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி முடிந்த போனில் மூன்று பொருள்கள் இருக்கக் கூடாது. ஒன்று, பேங்க் ஆப், ஜிபே, போன்பே போன்ற பணம் சார்ந்த ஆப்கள். இரண்டு, பேங்கில் பதிவு செய்த சிம். மூன்று, மற்ற எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு மாற்றித் தரும் முக்கிய ஜிமெயில் கணக்கு.

இரண்டாவதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. ‘உம்மா போனில் பேங்க் ஆப்பே இல்லையே’ என்பார்கள். ஓ.டி.பி. அந்தப் போனுக்குத்தானே வருகிறது? அதைப் படிக்கும் ஆப் உள்ளே புகுந்தால் போதாதா? பேங்க் சிம்மை ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டுவிடுங்கள். அந்த ஏ.பி.கே. ஃபைல் அதில் ஏறவே ஏறாது. பட்டன் போனிலும் பணம் அனுப்ப வேண்டும் என்றால், யு.பி.ஐ. 123பே என்ற முறையை ரிசர்வ் வங்கி 2022-ல் தொடங்கி வைத்திருக்கிறது. உங்கள் பேங்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வைஃபையில் ஓடும் பழைய ஸ்மார்ட்போன் வீடியோ காலுக்கும், கிராஅத் கேட்பதற்கும், அலாரத்துக்கும் இருக்கட்டும்.  இரண்டு போனா என்று உம்மா கேட்பார்கள். ஒன்று பேரப்பிள்ளைகளைப் பார்க்க, ஒன்று பணத்துக்குக் காவல் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

இளைஞர்கள் சிலர் பழைய போனில் வெளியே கிடைக்கும் வேறு ஆண்ட்ராய்டை ஏற்றிப் பயன்படுத்துகிறார்கள். கற்றுக்கொள்ள நல்ல வேலைதான். ஆனால் அப்படி மாற்றிய போனில் பல பேங்க் ஆப்கள் ஓட மறுக்கும். உங்கள் போனில் செய்து பாருங்கள், பெரியவர்களின் போனில் வேண்டாம்.

போனைக் கைமாற்றும்போது ஒரு ஒழுங்கு இருக்கிறது. படங்களையும் தொடர்பு எண்களையும் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் உங்கள் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதன் பிறகுதான் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்ய வேண்டும். கணக்கை நீக்காமல் வேறு வழியில் ரீசெட் செய்தால், போன் திரும்ப எழும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். தானமாகக் கொடுத்த போன் அந்தப் பிள்ளையின் கையில் வெறும் கண்ணாடியாக இருக்கும். கொடுத்தவரைத் தேடிப் போய்க் கேட்கவும் அது கூச்சப்படும். மெமரி கார்டையும் சிம்மையும் மறக்காமல் கழற்றிக்கொள்ளுங்கள்.

பழைய போன் விலைக்கு வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்ற பதினைந்து இலக்க எண் வரும். மெசேஜில் கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் போட்டு, ஒரு இடம் விட்டு, அந்த எண்ணை எழுதி 14422 என்ற எண்ணுக்கு அனுப்பினால், அது எந்த மாடல், முடக்கப்பட்ட போனா என்று பதில் வரும். திருட்டுப் போனை அறியாமல் வாங்கிவிட்டு அலைய வேண்டாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் கேமரா எத்தனை, ரேம் எத்தனை என்று கேட்பதோடு, ‘இந்த மாடல் எப்போது வெளிவந்தது? அப்டேட் எத்தனை வருடம்?’ என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, மாடல் வெளிவந்த நாளிலிருந்தே ஓடுகிறது. நான்கு வருட அப்டேட் உள்ள மாடலை, வெளிவந்து இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே வருடம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய போனில் இரண்டு வருடப் பாதுகாப்புதான் மிச்சம் என்றால் வருடத்துக்கு 4,500 ரூபாய். பதினாலாயிரத்துக்கு வாங்கியதில் ஆறு வருடம் என்றால் வருடத்துக்கு சுமார் 2,333 ரூபாய். விலை குறைந்தது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படியே பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். பேங்குக்கும் சொல்லுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்கு முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. உம்மா பணத்தை விட்டுவிட்டார் என்றால், வீட்டில் உள்ளவர்கள் அவரைத் திட்டக் கூடாது. திட்டுவார்களோ என்ற பயத்தில்தான் பெரியவர்கள் இரண்டு நாள் கழித்துச் சொல்கிறார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நம் ஜமாஅத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். தெருவுக்கு ஒரு பிள்ளை முன்வந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள், மகன் வெளிநாட்டில் இருக்கும் தாய்மார்கள் ஆகியோரின் போனில் தேதியைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். பின் நம்பர் கேட்க வேண்டாம், கணக்கைத் திறக்க வேண்டாம். அந்த வீட்டார் முன்னிலையில் செட்டிங்ஸை மட்டும் பார்த்தால் போதும். பெண்களின் போனைப் பார்க்க நம் கல்லூரி மாணவிகள் போகட்டும். அறக்கட்டளைக்குப் பழைய போன் கொடுக்கிறவர்கள் அந்தத் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். பாதுகாப்பு உள்ள போனைப் பணப் பரிமாற்றம் தேவைப்படுகிற குடும்பத்துக்கும், முடிந்ததைப் படிப்புக்கும் என்று பிரித்துக் கொடுக்க அது உதவும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இதை வாசிக்கும் உம்மாமார் அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, வரிசையை ஒருமுறை திருப்பிப் போட்டுப் பாருங்கள். புது போன் உம்மாவுக்கு, உம்மாவின் பழைய போன் உங்களுக்கு. உங்களுக்கு ஓட்டையும் தெரியும், மோசடியும் தெரியும், சமாளித்துக்கொள்வீர்கள். வீட்டின் நல்ல பூட்டு, வீட்டில் தனியாக இருப்பவரின் கதவில் இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பொருளையும் மானத்தையும் பாதுகாப்பானாக.